திண்ணைப் பேச்சு: கையில் ஒன்றுமில்லாதபோது

சென்ற மாதத் தபாலில் நமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. எழுதியவர் பாறசாலைப் பக்கத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த இளைஞர். வெளியூரில் வேலை பார்ப்பவர். அவர் தங்கியிருக்கும் அறையில் சனிக்கிழமை இரவுகளில் ஐவர் கூடிப் போக்கர் என்னும் சீட்டாட்டம் ஆடுகிறார்களாம். ஒரு பருவத்துக்குள் ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம் கையை விட்டுப் போயிற்றாம். "சீட்டு வராமல் தோற்றிருந்தால் வருந்தமாட்டேன். சீட்டு இல்லாதபோது இருப்பதுபோல் காட்டப் போய்த்தான் தோற்கிறேன். வெற்றுச் சவால் விடுவதற்கு உரிய சமயம் எது? என் முகம்தான் என்னைக் காட்டிக் கொடுக்கிறதா?" என்று கேட்டிருக்கிறார்.

சங்கத்து மாத இதழில் சீட்டாட்டமா என்று பெரியவர் சிலர் புருவத்தை நெறிக்கக்கூடும். காஞ்சிரங்குளம் வட்டாரத்தில் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் சீட்டுக்கட்டு புரளாத திண்ணைகள் எத்தனை என்று அப்பெரியவர்களே எண்ணிப் பார்க்கட்டும். பணம் வைத்து ஆடலாமா என்பது வேறொரு கேள்வி. தம்பி கேட்டது அதுவன்று. கேட்டதற்கு விடை சொல்லாமல் கேளாததற்கு உபதேசம் செய்வது இப்பத்தியின் வழக்கமும் அன்று.

கையில் வலுவான சீட்டு இல்லாதபோது, இருப்பதுபோலப் பந்தயத்தை உயர்த்தி, எதிரே இருப்பவர் அஞ்சித் தம் சீட்டைக் கவிழ்த்துவிடும்படி செய்வதையே ஆங்கிலத்தில் பிளஃப் என்கிறார்கள். இளைஞர்கள் 'உதார் விடுவது' என்பார்கள். நாம் தம்பியின் சொல்லையே எடுத்துக்கொண்டு வெற்றுச் சவால் என்போம்.

இதனை விளங்கிக்கொள்வதற்கு நம் ஊர் ஆட்டத்திலிருந்தே தொடங்கலாம். இருபத்தெட்டு என்னும் ஆட்டத்தை அறியாத வீடு நம்மிடையே அரிது. நால்வர், எதிரெதிரே அமர்ந்தோர் கூட்டாளிகள். ஏழு முதல் ஏஸ் வரை முப்பத்திரண்டு சீட்டுகள். இதில் ராஜாவுக்கும் ராணிக்கும் மதிப்பில்லை. குலான் என்று நாம் அழைக்கும் ஜாக்கிக்கு மூன்று புள்ளி, ஒன்பதுக்கு இரண்டு, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. ஒரு சாதிக்கு ஏழு, நான்கு சாதிக்கும் சேர்த்து இருபத்தெட்டு. பெயருக்குக் காரணம் அதுவே. யாழ்ப்பாணத் தமிழர் ஆடும் முன்னூற்று நான்கும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. அங்கே ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20 என்று மதிப்புகள் பெருத்திருக்கும்.

நான்கு சீட்டு கைக்கு வந்ததும் ஏலம் தொடங்குகிறது. 14-இல் தொடங்கி மேலே ஏற வேண்டும். வீட்டுக்கு வீடு விதி சற்று மாறும். ஏலத்தில் வென்றவர் துருப்பைக் கவிழ்த்து வைப்பார். அதன்பின் மீதி நான்கு சீட்டும் வந்து ஆட்டம் நடக்கும். இந்த ஏலத்தில் உதார் உண்டா என்றால் நிறைய உண்டு. எதிரி 17 என்கிறார். உம் கையில் உருப்படியாக ஒன்றுமில்லை; ஆனாலும் கண்ணிமைக்காமல் 18 என்கிறீர். அவர் ரோஷப்பட்டு 19, 20 என்று ஏறுகிறார். நீர் மெல்ல ஒதுங்கிக்கொள்கிறீர். இருபதை எட்ட முடியாமல் அவர் திணறுகிறார். ஆனால் அவர் 18-இலேயே நின்றுவிட்டால்? அந்த நாலு சொத்தைச் சீட்டிலிருந்து துருப்பைத் தேர்ந்து, பதினெட்டுப் புள்ளியை நீர் எடுத்துக் காட்ட வேண்டும். உம்மை நம்பிய கூட்டாளியின் முகத்தையும் பார்க்க வேண்டும்.

நம் கடற்கரைத் துறைகளில் மீன் ஏலம் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. வாங்கும் எண்ணமே இல்லாமல் விலையை ஏற்றிவிடுபவர் ஒருவர் எப்போதும் இருப்பார். மற்றவர் ஒதுங்கினால் கூடை முழுவதும் அவர் தலையில்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இருபத்தெட்டில் வெற்றுச் சவால் பலிப்பது, எதிரி மேலே போகும்போது. போக்கரில் அது பலிப்பது, எதிரி நின்றுவிடும்போது. இரண்டும் ஒன்றுபோல் தோன்றினாலும் திசை நேர் எதிர். இருபத்தெட்டில் ரோஷக்காரன் நமக்கு நல்ல இரை. போக்கரில் அதே ரோஷக்காரன் நம்மைக் கவிழ்ப்பவன். ஊர்த் திண்ணையில் கெட்டிக்காரர் என்று பெயரெடுத்தவர்கள் பட்டணத்து அறையில் பணத்தை இழப்பதற்குப் பெரும்பாலும் இந்தத் திசை மாற்றமே காரணம் என்பது நம் எண்ணம். தம்பியும் இருபத்தெட்டில் சூரராக இருந்திருப்பார் என்றே தோன்றுகிறது.

இன்னொரு வேற்றுமையும் உண்டு. இருபத்தெட்டில் தோற்றவர் காதில் குணுக்கு மாட்டிக்கொண்டு உட்காருவார். ஓலைத் துண்டோ, துணி உலர்த்தும் கிளிப்போ தொங்கும். குழந்தைகள் சிரிப்பார்கள். மறுநாள் அது மறந்துபோகும்.

போக்கருக்கும் நம்மவர் அறிந்த மூன்று சீட்டுக்கும் உறவு அதிகம். மூன்று சீட்டில் கைக்கு வரக்கூடிய வகைகள் 22,100. அவற்றுள் ஒரு ஜோடிகூட இல்லாமல், வரிசையும் இல்லாமல், ஒரே சாதியும் இல்லாமல் வருபவை 16,440. அதாவது நான்கில் மூன்று பங்கு கைகள் வெறுங்கைகளே! ஐந்து சீட்டை எடுத்துக்கொண்டாலும் பாதிக்குச் சற்று மேற்பட்டவை அப்படித்தான். ஆகவே எதிரே இருப்பவர் கையிலும் பெரும்பாலும் ஒன்றுமில்லை. யார் முதலில் கவிழ்ப்பது என்பதே இவ்வாட்டங்களின் சாரம். வெற்றுச் சவால் இங்கே எப்போதோ செய்யும் தந்திரமன்று, ஆட்டத்தின் உடம்போடு பிறந்தது.

1968-இல் ஆந்திர வழக்கொன்றில் நம் உச்ச நீதிமன்றம், ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது என்றும், மூன்று சீட்டு முற்றிலும் அதிர்ஷ்டத்தையே சார்ந்தது என்றும் கூறியது. நீதிபதிகள் சொன்னதை மறுக்க நமக்குத் தகுதியில்லை. ஆனால் மூன்று சீட்டில் பத்தாண்டு பழகியவனோடு நேற்றுப் பழகியவனை உட்கார வைத்துப் பார்த்தவர்கள் சற்றே புன்னகை செய்வார்கள்.

இனி முகத்தைப் பற்றித் தம்பி கேட்டதற்கு வருவோம். முகம் காட்டிக் கொடுப்பதுண்டு. கை நடுங்குவதும், சில்லுகளைப் பன்முறை எண்ணுவதும், திடீரென்று வாய் ஓய்வதும் உண்டு. சினிமாக்காரர்கள் இதனைப் பெரிதாக்கிவிட்டார்கள். 2017-ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில் நடந்ததைக் கேளுங்கள். கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தூமாஸ் சான்ட்ஹோம், நோம் பிரவுன் என்ற இருவர் லிப்ராட்டஸ் என்னும் கணினி நிரல் ஒன்றை இயற்றினார்கள். தொழிலாகவே போக்கர் ஆடும் நால்வர் இருபது நாள் அதனோடு 1,20,000 ஆட்டங்கள் ஆடினார்கள். நால்வரும் தோற்றார்கள். அந்த இயந்திரம் தாராளமாக வெற்றுச் சவால் விட்டது. அதற்கு முகமும் இல்லை. எதிரியின் முகத்தைப் பார்க்கக் கண்ணும் இல்லை. ஆகவே தம்பி, கண்ணாடி முன் நின்று முகத்தை இறுக்கிப் பழகுவதை விட்டுவிடலாம். முகம் இல்லாமலே வென்ற இயந்திரம் எதனைப் பார்த்தது என்று கேட்பதே பயன் தரும்.

அது பார்த்தது முதலில் விலையை. நடுவில் ஆயிரம் ரூபாய் கிடக்கிறது. உம் கையில் ஒன்றுமில்லை. ஆயிரம் ரூபாய் பந்தயம் வைக்கிறீர். எதிரி கவிழ்த்தால் உமக்கு ஆயிரம் லாபம். ஈடுகட்டிப் பார்த்தால் ஆயிரம் நஷ்டம். ஆகவே இரண்டு முறைக்கு ஒரு முறைக்கு மேல் அவர் கவிழ்ப்பார் என்றால்தான் இது உதவும். அதே இடத்தில் ஐந்நூறு வைத்தால்? கவிழ்த்தால் ஆயிரம் வரவு, பார்த்தால் ஐந்நூறு செலவு. மூன்றில் ஒரு முறைக்கு மேல் கவிழ்த்தாலே போதும். தொகை பெரிதானால் எதிரி அஞ்சுவார் என்பது உண்மை. ஆனால் அவர் அதிகமாக அஞ்சியாகவும் வேண்டும். வெற்றுச் சவால் விடும் ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய முதற் கேள்வி, 'எனக்குத் துணிவு இருக்கிறதா' என்பதன்று. 'இந்த மனிதர், இந்தத் தொகைக்கு, பத்தில் எத்தனை முறை கவிழ்ப்பார்' என்பதே.

அடுத்தது, எந்தக் கையோடு விடுவது? பலர் நினைப்பதற்கு மாறான விடை இதற்கு உண்டு. ஹங்கேரியில் பிறந்த கணித மேதை ஜான் வான் நியூமன், 1928-இல் விளையாட்டுகளைப் பற்றிய கணிதத்துக்கு அடிகோலினார். 1944-இல் பொருளாதார அறிஞர் ஆஸ்கர் மார்கன்ஸ்டர்னோடு சேர்ந்து வெளியிட்ட பெருநூலில் போக்கரை எளிமைப்படுத்தி ஆராய்ந்தார். அவர் கண்ட முடிவு: பந்தயம் வைக்கத் தக்கவை மிக நல்ல கைகளும் மிக மோசமான கைகளும், நடுத்தரக் கை பேசாமல் இருக்க வேண்டும்.

இதன் காரணத்தைச் சற்று நின்று நோக்கினால் தெளிவாகும். உம்மிடம் நடுத்தரமான ஒரு ஜோடி இருக்கிறது. நீர் பந்தயம் வைத்தால் உம்மைவிட மோசமான கையுடையவர் கவிழ்த்துவிடுவார். உம்மைவிட நல்ல கையுடையவர் மட்டுமே ஈடுகட்டிப் பார்ப்பார். வெல்ல வேண்டியவரை விரட்டிவிட்டுத் தோற்க வேண்டியவரை அழைத்து வைத்துக்கொண்டீர்! அந்தக் கைக்குச் சும்மா இருந்து சீட்டைத் திருப்பிக் காட்டினாலே ஏதோ ஒரு மதிப்பு உண்டு. அறவே ஒன்றுமில்லாத கைக்கோ திருப்பிக் காட்டினால் மதிப்பு சூனியம். இழப்பதற்கு எதுவும் இல்லாததனாலேயே அது சவாலுக்கு ஏற்றது. தம்பி தம் கடிதத்தில் குறித்திருக்கும் மூன்று பெருந்தோல்விகளில் இரண்டு, கையில் ஜோடி இருக்கும்போது உயர்த்தப் போய் நேர்ந்தவை. அவற்றை அவர் வெற்றுச் சவால் என்று எழுதுகிறார். அவை வெறுமையும் அல்ல, சவாலும் அல்ல. நல்ல பண்டத்தைச் சொத்தையென்று விற்ற கதை.

மூன்றாவது வகை ஒன்று உண்டு. டேவிட் ஸ்க்லான்ஸ்கி என்ற அமெரிக்க ஆட்டக்காரர் இதற்குப் பாதிச் சவால் என்ற பொருளில் பெயரிட்டார். இப்போது கையில் ஒன்றுமில்லை, ஆனால் வரப்போகும் சீட்டில் ஏதேனும் அமையக்கூடும் என்ற நிலை. இன்று எங்கும் ஆடப்படும் டெக்ஸஸ் முறைப் போக்கரில் ஒவ்வொருவருக்கும் இரண்டு மறைவுச் சீட்டு. மேசை நடுவில் அனைவர்க்கும் பொதுவாக ஐந்து சீட்டு, முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு இன்னொன்று. நான்கு பொதுச் சீட்டு விழுந்துவிட்டது. உம் இரண்டையும் சேர்த்து ஆட்டின் நான்கு இருக்கிறது. ஐந்தாவது ஆட்டின் விழுந்தால் நீர் வென்றவர் என்று வைத்துக்கொள்வோம். நீர் காணாத 46 சீட்டுகளில் ஆட்டின் ஒன்பது. ஏறத்தாழ ஐந்தில் ஒன்று.

முப்பது முறை இவ்வாறு நேர்ந்ததாகக் கணக்குப் போடுவோம். நடுவில் ஆயிரம், நீர் ஐந்நூறு வைக்கிறீர், எதிரி மூன்றில் ஒரு முறை கவிழ்க்கிறார். பத்து முறை கவிழ்ப்பதால் வரவு 10,000. மீதி இருபது முறை பார்க்கிறார். அவற்றுள் நான்கு முறை ஆட்டின் விழுந்து, நடுவிலுள்ள ஆயிரமும் அவர் வைத்த ஐந்நூறுமாக 6,000 வருகிறது. பதினாறு முறை விழாமல் 8,000 போகிறது. நிகரம் 8,000 ரூபாய் லாபம். சவால் விடாமல் சும்மா பார்த்திருந்தால் ஆறு முறை ஆயிரம் வீதம் 6,000 வந்திருக்கும். ஆட்டின் வரும் நம்பிக்கையே இல்லாத சுத்த வெறுங்கையோடு இதையே செய்திருந்தால், வந்த பத்தாயிரமும் போன பத்தாயிரமும் சரியாகி ஒன்றும் மிஞ்சாது. ஒரே எதிரி, ஒரே தொகை. ஒரு சவாலுக்குப் பின்னால் ஏதோ இருந்தது, மற்றொன்றுக்குப் பின்னால் இல்லை, வேற்றுமை அவ்வளவே.

இந்தப் பாதிச் சவாலுக்கு நம் கடற்கரையிலேயே ஒரு கதை உண்டு. 1741-இல் டச்சுக் கம்பெனிப் படையினர் குளச்சலில் கரையிறங்கி நின்றனர். வேணாட்டு மன்னர் மார்த்தாண்ட வர்மா அவர்களை எதிர்த்தார். அப்போது முக்குவ மீனவர் தங்கள் துடுப்புகளைத் தோளில் சாய்த்து அணிவகுத்து நின்றதாகவும், தொலைவிலிருந்து நோக்கிய டச்சுக்காரருக்கு அவை துப்பாக்கிகளாகத் தோன்றியதாகவும், பனந்துண்டுகளை மாட்டு வண்டியில் ஏற்றிப் பீரங்கிபோலக் காட்டியதாகவும் கர்ணபரம்பரையாகச் சொல்வார்கள். கதையை அப்படியே ஏற்கலாமா என்பதைச் சரித்திர ஆசிரியர்களிடம் விட்டுவிடுவோம். நமக்கு வேண்டியது அதன் அமைப்பு. துடுப்புகள் மட்டும் இருந்திருந்தால் அடுத்த நாள் கதை முடிந்திருக்கும். துடுப்புகளுக்குப் பின்னால் மன்னரின் உண்மையான படை இருந்தது. டச்சுக்காரர் தோற்றனர், சிறைப்பட்ட தலைவர் டிலனாய் பிறகு அம்மன்னருக்கே படை பயிற்றுவித்து, 1777-இல் மறைந்து, உதயகிரிக் கோட்டையில் அடங்கியிருக்கிறார்.

அக்கதையில் இன்னொன்றும் இருக்கிறது. கரையில் நிற்கும் மன்னருக்குப் படை உண்டு என்பதை டச்சுக்காரர் முன்பே அறிந்திருந்தனர். துடுப்பு வரிசை அவர்கள் நம்பத் தயாராக இருந்ததையே காட்டிற்று. நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசுவாமி கோயிலில் காக்கப்படும் அம்மச்சிப் பலா மரத்தின் கதையும் அத்தகையதே. பகைவருக்கு அஞ்சி ஓடிய இளவரசர் மார்த்தாண்ட வர்மா அம்மரப் பொந்தில் ஒளிந்திருக்க, ஒரு சிறுவன் துரத்தி வந்தவர்களிடம் வேறு திசையைக் காட்டினானாம். ஓடுகிறவன் ஓடிக்கொண்டே இருப்பான் என்று அவர்கள் முன்பே எண்ணியிருந்தார்கள். சிறுவனின் விரல் அந்த எண்ணத்துக்கு ஒரு திசை கொடுத்தது.

போக்கரிலும் அப்படியே. முதல் மூன்று சீட்டு விழும்போது தயங்கித் தயங்கி ஈடுகட்டியவர், கடைசிச் சீட்டில் யாருக்கும் உதவாத ஓர் இரண்டு விழுந்தவுடன் எழுந்து நின்று பெருந்தொகையைத் தள்ளினால் யார் நம்புவார்? 'இந்த இரண்டு இவருக்கு என்ன செய்தது?' என்று எதிரி கேட்பார். விடை கிடைக்காது; பார்த்துவிடுவார். அதற்கு மாறாக, தொடக்கத்திலிருந்தே அளவாக உயர்த்தி வந்தவர், மூன்றாவது ஆட்டின் மேசையில் விழுந்ததும் மேலும் உயர்த்தினால் கதை பொருந்துகிறது. இந்த இடத்தில் கையில் ஆட்டின் ஏஸ் மட்டும் தனியாக இருந்தால் மிக நன்று. உமக்கு ஐந்து ஆட்டின் அமையவில்லை. ஆனால் எல்லாவற்றிலும் பெரிய ஆட்டின் கை எதிரியிடம் இருக்க முடியாது என்பது உமக்கு மட்டும் தெரியும். ஏனெனில் அந்த ஏஸ் உம்மிடம் உறங்குகிறது. அனுபவசாலிகள் வெறுங்கைகளுள்ளும் இப்படிப்பட்ட வெறுங்கையையே சவாலுக்குத் தேர்வார்கள்.

எத்தனை முறை விடலாம்? நடுவிலுள்ள தொகை அளவுக்கே பந்தயம் வைப்பவராயின், இரண்டு மெய்யான கைக்கு ஒரு வெற்றுக் கை என்பது கணிதம் தரும் விகிதம். ஆயிரத்துக்கு ஆயிரம் வைத்தால் எதிரி ஆயிரம் கொடுத்து இரண்டாயிரத்தை எடுக்கப் பார்க்கிறார். மூன்றில் ஒன்று பொய்யாக இருந்தால், அவர் பார்த்தாலும் கவிழ்த்தாலும் அவருக்கு ஒன்றே. அதற்கு மிஞ்சினால் அவர் எப்போதும் பார்த்து லாபம் அடைவார். மிகக் குறைந்தாலும் நஷ்டமே. ஒருபோதும் வெற்றுச் சவால் விடாத உத்தமர் பந்தயம் வைத்தவுடன் அனைவரும் கவிழ்த்து எழுந்து போய்விடுவார்கள். மூன்று ஏஸ் வந்த நாளிலும் அவருக்குக் கிடைப்பது சில்லறையே.

இவ்வளவும் ஏட்டுக் கணக்கு. இனித் தம்பியின் அறைக்குள் நுழைவோம். தம்மோடு ஆடும் நால்வரைப் பற்றி அவரே எழுதியிருக்கிறார். ஒருவர் எது வந்தாலும் கவிழ்க்காமல் கடைசிவரை பார்ப்பவர். 'பார்க்காமல் போனால் எனக்கு உறக்கம் வராது' என்பாராம். இன்னொருவர் மூன்று சீட்டுப் பழக்கத்தால் தம் சீட்டையே பார்க்காமல் பணம் வைப்பவர். மூன்றாமவர் பத்து மணிக்கு மேல் குப்பியைத் திறந்து வைத்துக்கொள்பவர். நான்காமவர் ஒருவரே கணக்கறிந்து ஆடுபவர்.

முதல்வரிடம் வெற்றுச் சவால் விடுவது செவிடன் காதில் ஊதிய சங்கு. கவிழ்க்காதவரிடம் விடும் சவாலுக்குப் பெயர் நன்கொடை. அவரிடம் நல்ல கை வரும்வரை காத்திருந்து, வந்ததும் முழுத் தொகையையும் வைத்துவிட வேண்டும். தந்திரம் எதுவும் வேண்டா. இரண்டாமவரிடமும் பலிக்காது. தம் கை மோசமானது என்று அறிந்தவர்தாம் அஞ்சுவார். தம் கை என்னவென்றே அறியாதவரை எதைக் காட்டி அச்சுறுத்துவது? மூன்றாமவர் பத்து மணிக்கு முன் கவிழ்ப்பார், பின் கவிழ்க்கமாட்டார். ஆக, தம்பி வெற்றுச் சவால் விடத் தக்க ஆள் அவ்வறையில் ஒரே ஒருவர். அவரோ நால்வருள் மிகக் கெட்டிக்காரர். ஒரு பருவ காலமாகத் தம்பி செய்து வந்தது, கவிழ்க்காத மூவரிடம் கவிழ்க்கச் சொல்லிப் பணம் கட்டியதே. அவர் முகம் எந்தக் குற்றமும் செய்யவில்லை.

இதைவிட முக்கியமான ஒன்று கடிதத்தின் ஓரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் தாயாருக்குப் பணம் அனுப்ப வேண்டும் என்றும், அது அறையிலுள்ள அனைவருக்கும் தெரியும் என்றும் தம்பி வேறு எதற்காகவோ எழுதியிருக்கிறார். நம் சங்கத்துக் குடும்பங்களில் பெரும்பாலான வீடுகளில் அடுப்பு எரிவது இத்தகைய பணத்தால்தான். போக்கரில் கையை மறைக்கலாம். இதை மறைக்க முடியாது. மேசையில் வைத்திருக்கும் தொகையில் பாதி தம்முடையதன்று என்பதை எதிரிகள் அறிந்த கணமே, தம்பி இரு வழியிலும் கட்டுண்டார். அவர் சவால் விட்டால், இவ்வளவு பணத்தைப் பொய்க்காக இவர் எறியமாட்டார் என்று நம்புவதற்குப் பதிலாக, இழந்ததை மீட்கத் துடிக்கிறார் என்று அறிந்து பார்த்துவிடுகிறார்கள். அவர்மேல் யாரேனும் சவால் விட்டாலோ, நல்ல கையையும் கவிழ்த்துவிடுகிறார். ஏனெனில் அவருக்கு அந்தச் சில்லுகள் சில்லுகள் அல்ல, வீட்டு வாடகையும் மருந்துச் சீட்டும். முதல் வாரத்துச் சனிக்கிழமையில் தாம் எப்போதும் தோற்பதாக அவர் எழுதியிருப்பது தற்செயலன்று. அந்த நான்காமவர், கணக்கறிந்தவர், தேதியையும் அறிந்திருக்கிறார்.

மேலே நாம் போட்ட கணக்குகள் எல்லாம் ஒரு நிபந்தனையின்மேல் நிற்கின்றன: போகும் ஆயிரமும் வரும் ஆயிரமும் ஆடுபவருக்கு ஒரே எடை. அனுப்ப வேண்டிய பணத்தோடு உட்கார்ந்தவருக்கு அவை ஒரே எடையல்ல. அவருக்கு மூன்றில் ஒன்று, இரண்டில் ஒன்று என்ற விகிதங்கள் எவையும் பொருந்தா. அவர் வெற்றுச் சவால் விடத் தக்க சமயம் என்று ஒன்றை எந்தக் கணித நூலிலிருந்தும் எடுத்துத் தர நம்மால் இயலாது. தாயாருக்குரிய பணம் அனுப்பப்பட்டு, மீதியில் போனால் போகட்டும் என்று எண்ணத்தக்க சிறு தொகையை மட்டும் மேசைக்குக் கொண்டுவந்தால், அவரது கை மற்றவர் கையைப்போலவே மறைவான கையாகும். அதற்குப் பின்தான் மேலே சொன்னவை பயன்படும்.

செல்பேசியில் முகமறியாதவரோடு ஆடலாமா என்றும் தம்பி ஒரு வரி கேட்டிருந்தார். பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் சட்டம் இயற்றியிருக்கிறது என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம். அறையில் ஆடுவதானாலும், பணம் வைத்துச் சூதாடும் இடம் நடத்துவதைத் தண்டிக்கும் சட்டம் கேரளத்தில் 1960 முதல் உண்டு. அவர் இருக்கும் ஊரின் சட்டத்தை அவரே விசாரித்துக்கொள்ளட்டும்.

கடைசியாக அவர் கேட்ட சிறு கேள்வி: வெற்றுச் சவால் பலித்து எதிரி கவிழ்த்தபின், அவர் கெஞ்சினால் நம் சீட்டைத் திருப்பிக் காட்ட வேண்டுமா? வேண்டியதில்லை. பார்ப்பதற்கு உரிய விலையை அவர் கொடுக்கவில்லை. சிலர் பெருமைக்காகக் காட்டுவார்கள்; அடுத்த வாரம் அந்தப் பெருமைக்கு வட்டி கட்டுவார்கள். சிலர் வேண்டுமென்றே ஒருமுறை காட்டி வைப்பார்கள், பிறகு மெய்யான கை வரும்போது எல்லாரும் பார்க்கட்டும் என்று. அது விலைக்கு விற்கும் செய்தி, விற்பவர் கணக்கறிந்தவராக இருக்க வேண்டும். இருபத்தெட்டில் இந்தத் தொல்லையே இல்லை. அங்கே எட்டுச் சீட்டும் மேசையில் விழுந்தே தீரும். எதைச் சொல்லி ஏலம் எடுத்தீர் என்பது கூட்டாளிக்கும் தெரியும், குணுக்கோடு காத்திருக்கும் குழந்தைகளுக்கும் தெரியும்.